நாடகத்திலும் நான் அண்ணன்

1

ஊரில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்களுக்குப் பம்பாய் என்றால் கடலும் மாடிப் பஸ்ஸும் சினிமாக்காரர்களும்தான் நினைவுக்கு வரும். இங்கே குடியிருப்பவனுக்கு முதலில் நினைவுக்கு வருவது ரேஷன் கார்டு. அது இல்லையென்றால் சர்க்கரை இல்லை, அரிசி இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனாலும் அதைத்தான் கேட்பார்கள்.

போன வருடம் அப்பா காலமானார். அதன் பிறகு தாராவி வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவி ஜெபமணியோடும் ஐந்து வயது மகள் லில்லியோடும் செம்பூருக்கு வந்துவிட்டேன். கார்டு மட்டும் தாராவி விலாசத்தில், அப்பா பெயரில் கிடந்தது. அதை மாற்றுவதற்காக மாட்டுங்காப் பக்கம் இருந்த ரேஷன் ஆபீசுக்கு மூன்றாவது முறையாகப் போனேன். முதல் முறை அப்பாவின் மரணச் சான்றிதழ் இல்லை என்றார்கள். இரண்டாவது முறை, சான்றிதழில் இருக்கும் பெயரும் கார்டில் இருக்கும் பெயரும் ஒரே எழுத்தில் இல்லை என்றார்கள். மூன்றாவது முறை எல்லாம் சரியாக இருந்தது. குமாஸ்தா கார்டைப் பிரித்து, ஒவ்வொரு பெயரின் மேலும் விரலை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"எஸ்தர் கோன் ஹை?"

"பஹன்," என்றேன். தங்கை.

"கிதர் ஹை?"

"காவ் மே. ஷாதி ஹோ கயா." ஊரில் இருக்கிறாள், கல்யாணம் ஆகிவிட்டது என்று.

"ஹோ கயீ," என்று திருத்தினார் அவர். பத்து வயதில் இந்த ஊருக்கு வந்தவன் நான். இன்னமும் கல்யாணத்தை ஆண்பாலாக்கிவிடுகிறேன். என் மகள் கூட இருந்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள்.

கல்யாணம் ஆகி எத்தனை வருடம் என்று கேட்டார். ஏழு என்றேன். ஏழு வருடமாகப் பெயரை ஏன் எடுக்கவில்லை என்று அதட்டினார். அப்பா எடுக்கவிடவில்லை என்ற உண்மையைச் சொன்னால் அவருக்குப் புரியாது. ஒவ்வொரு வருடமும் நான் எடுத்துச் சொல்வேன். "கெடக்கட்டும்லே, அது ஒன்ன என்ன செய்யுது?" என்பார் அப்பா. குமாஸ்தா சிவப்பு மையைத் தொட்டு எஸ்தர் என்ற பெயரின் மேல் கோடு போட்டார். ஸ்கேல் வைத்து, நேராக, நிதானமாக.

கார்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து நின்றார். காதோரம் நரைத்திருந்தது. கையில் அவரும் ஒரு கார்டு வைத்திருந்தார்.

"சாலமோன்தானே?" என்றார். "எஸ்தர்னு பேர் காதுல விழுந்தது. அதான் திரும்பிப் பாத்தேன்."

விஸ்வநாதன். ஏழு வருடமாக எவர் முகத்தில் விழிக்கக்கூடாது என்று காய்கறிக்குக்கூட மாட்டுங்காவில் இறங்காமல் சயான் வரை போய் வந்துகொண்டிருந்தேனோ, அவர்.

2

நான் அப்போது கப்பல் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட். எங்கள் மானேஜர் ஸ்காட்லாந்துக்காரர். வெள்ளைக்காரர்களில் கடைசியாக மிஞ்சியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர் போகும்போது வீட்டிலிருந்த புத்தகங்களை ஆபீஸ் மேஜையில் கொட்டி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மற்றவர்கள் அகராதியையும் படம் போட்ட புத்தகங்களையும் எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தது அட்டை பிய்ந்த ஒரு பழைய நாடகம். அவருடைய நாட்டில் தாத்தா காலத்திலிருந்து மேடையேறிவரும் சோக நாடகமாம். "இதற்கு என் அம்மா ஒவ்வொரு தடவையும் அழுவாள்," என்றார்.

கதை சின்னதுதான். மலைநாட்டில் பரம்பரைப் பகை கொண்ட இரண்டு குடும்பங்கள். ஒரு வீட்டுப் பெண் எதிரி வீட்டுப் பையனை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அது அவளுடைய அண்ணனுக்குத் தெரிந்துவிடுகிறது. அவனுக்குத் தங்கைமேல் உயிர். ஆனால் குடும்பம் என்று ஒன்று இருக்கிறது, அப்பா என்று ஒருவர் இருக்கிறார். ஆற்றுத் துறையில் காத்திருந்து அவன் அந்தப் பையனை வெட்டிவிடுகிறான். வீட்டுக்கு வந்தவனைத் தங்கை கேட்கிறாள், உன் துணி ஏன் நனைந்திருக்கிறது என்று. மழை என்கிறான் அவன்.

மின்சார ரயிலில் நின்றுகொண்டு அந்த இடத்தைப் படித்தேன். இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன்.

சாப்பாட்டு வேளைகளில், ஆபீஸ் காகிதங்களின் பின்பக்கத்தில், அதைத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் குலக்கூட்டத்துக்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதற்குத் தமிழ் கிடைக்காமல் இரண்டு வாரம் தவித்தேன். வம்சம், கோத்திரம், குலம் எதுவும் ஒட்டவில்லை. வீட்டில் எஸ்தரிடம் சொன்னதும் அவள் அரிசி புடைத்துக்கொண்டே, "வகையறான்னு போடுங்க அண்ணே. நம்ம ஆளுவ அப்பிடித்தான சொல்லுவாவ?" என்றாள். அவ்வளவுதான். அந்த நாடகம் அந்த நிமிடமே திருநெல்வேலிக்கு வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் அப்போது மூன்றே பேர். அம்மா எஸ்தருக்கு எட்டு வயதாகும்போதே போய்விட்டாள். தோல் பதனிடும் பட்டறையில் மேஸ்திரியாக இருந்த அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சமைத்து, துவைத்து, எஸ்தருக்குத் தலை பின்னிவிட்டு, எங்களைப் படிக்கவைத்தார். எஸ்தர் தாராவித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். அவள் முதல் நாள் வேலைக்குப் போனபோது, அப்பா பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசல்வரை கூடவே நடந்து போனார்.

3

நாடகத்தை மேடையேற்ற எங்கள் சர்ச் வாலிபர்கள் மட்டும் போதவில்லை. மாட்டுங்காவில் நாடகம் போட்டுப் பழகிய நண்பர்கள் சிலர் சேர்ந்துகொண்டார்கள். விஸ்வநாதன் அப்படி வந்தவர்தான். இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க், பாலக்காட்டுக் குடும்பம். நல்ல குரல். எதிரி வீட்டுப் பையன் வேஷத்துக்கு அவரைவிட்டால் ஆளில்லை.

பெண் வேஷத்துக்கு ஆண்களைப் போட்டால் இந்த நாடகம் சிரிப்பாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எஸ்தரைக் கேட்டேன். அப்பாவைக் கேளுங்கள் என்றாள். அப்பா யோசித்துவிட்டு ஒன்றைத்தான் கேட்டார்.

"அண்ணங்காரனா யாருலே நடிக்கா?"

"நாந்தாம்பா."

"அப்ப சரி. நீ பக்கத்துலயே இருக்கணும், பாத்துக்க."

போலீஸ் அனுமதி வாங்குவது ஒரு தனி நாடகம். கையெழுத்துப் பிரதியைக் கொடு என்றார்கள். தமிழ் படிக்க ஆளில்லை, கதையை இங்கிலீஷில் எழுதிக்கொடு என்றார்கள். ஸ்காட்லாந்து நாடகத்தைத் தமிழில் எழுதி, அதை மறுபடியும் இங்கிலீஷில் எழுதினேன். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். கதையில் கல்யாண விருந்தில் குடிக்கிறார்களே என்று இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். பால் குடிக்கட்டும் சார் என்றேன். சம்மதித்தார். ஆக, எங்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள் பால் குடித்தார்கள். அவர்கள் நாட்டுக் கட்டம் போட்ட துணிக்குத் தாராவிப் போர்வைகள் இருந்தன. நாயகி மார்கரெட் எங்கள் கையில் மரகதம் ஆனாள்.

மூன்று மாதம் ஒத்திகை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பள்ளிக்கூட ஹாலில் கூடுவோம். விஸ்வநாதனுக்கு 'வகையறா' என்ற சொல் வாயில் வரவே இல்லை. 'வகையரா' என்பார். எஸ்தர் டீச்சராயிற்றே, விடமாட்டாள். "நாக்க மடிச்சுச் சொல்லுங்க. றா." அவர் பயந்துகொண்டு சொல்வார். அவள் சிரிப்பாள். அம்மா போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டால், அந்தச் சிரிப்பிலேயே தெரியும். தெரியாதவன்போல இருந்தேன். ஒருநாள் வீட்டுக்கு நடந்து வரும்போது அவளே சொன்னாள். "அண்ணே, அவிய ரொம்ப நல்ல மாதிரி. ஒங்ககிட்ட மட்டும்தான் சொல்லுதேன்."  அவள் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்கவைத்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அதே வாரம் பிரதி எடுப்பதற்காக விஸ்வநாதன் வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மா அன்பாகத்தான் பேசினார். காபி கொடுத்தார். வீட்டுக்குள் அல்ல, வாசல் வராந்தாவில். குடித்து முடித்ததும் அந்த டம்ளரைத் தொடாமல், தள்ளி நின்று அதன்மேல் தண்ணீர் ஊற்றி, மூலையில் தனியாகக் கவிழ்த்து வைத்தார். விஸ்வநாதன் உள்ளே ஏதோ காகிதம் தேடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தாரா இல்லையா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. ஆனால் ரயிலில் திரும்பும்போது ஒரே ஒரு கேள்விதான் மனதில் ஓடியது. அந்த வீட்டுக்குள் என் தங்கை எந்த டம்ளரில் குடிப்பாள்?

4

மாட்டுங்காவில் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து, ஞாயிறு மாலை நாடகம் போட்டோம். அப்பா வெள்ளை வேட்டி கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசிக் காட்சியில் நான் போர்வையை நனைத்துக்கொண்டு மேடைக்கு வந்தேன். எஸ்தர் விளக்கைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். ஒத்திகையில் அந்த வசனத்தை அழுதுகொண்டு சொல்வாள். அன்று அழவில்லை. மெதுவாக, வீட்டில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"உன் துணி ஏன் நனைந்திருக்கிறது, அண்ணா?"

'மழை' என்று நான் சொல்லவேண்டும். எனக்கு வார்த்தை வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.  பிறகு எப்படியோ சொன்னேன். பின்வரிசையில் யாரோ ஒரு பெண் வாய்விட்டு அழுதது எனக்குக் கேட்டது. நான் வேண்டுமென்றே நிறுத்தி நடித்தேன் என்று நினைத்து எல்லோரும் பாராட்டினார்கள்.

மேக்கப் கலைக்கும்போது அப்பா வந்தார். கண் சிவந்திருந்தது. எஸ்தரின் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"நாடகந்தான். ஆனா அந்த அண்ணங்காரன் செஞ்சதுதாம்லே சரி. அவனும் என்ன செய்வான், பாவம். பெத்தவன் மொகத்த பாக்காண்டாமா?"

ஐந்தடி தள்ளி விஸ்வநாதன் கண்ணாடி முன்னால் நின்று மீசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

5

நாடகம் முடிந்து நான்கு மாதம். ஒருநாள் எஸ்தரும் விஸ்வநாதனும் கோட்டைப் பக்கம் இருக்கும் பதிவாளர் ஆபீசில் போய் கல்யாண நோட்டீசில் கையெழுத்துப் போட்டார்கள். மதம் மாறாமல் செய்யும் கல்யாணத்துக்கு முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டவேண்டும் என்பது சட்டம். யாராவது ஆட்சேபிப்பதற்காக. பம்பாயில் இத்தனை லட்சம் பேரில் அந்தப் பலகையை யார் படிக்கப்போகிறார்கள் என்று இருவரும் நினைத்துவிட்டார்கள். எங்கள் சந்தில் நான்கு வீடு தள்ளிக் குடியிருந்த ஒருவர் அங்கே பியூனாக இருந்தார். தினமும் அந்தப் பலகையைத் துடைப்பது அவர் வேலை.

அப்பா மத்தியானமே பட்டறையிலிருந்து வந்துவிட்டார். கைகால் கழுவாமல், தோல் வாடையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். கத்தவில்லை. அடிக்கவில்லை.

"ஒனக்குத் தெரியுமாலே?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாதுப்பா."

"ஒன்ன நம்பித்தானலே அனுப்புனேன்."

எஸ்தர் சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தெரியாது என்று சொன்னதைக் கேட்டாள்.  என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை அவள்.

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஊரில் அத்தை மகன் தங்கராஜுக்குப் பேசி முடித்துவிட்டதாக அப்பா சொன்னார். நல்ல பையன், ஆரம்பப் பள்ளி வாத்தியார். எஸ்தர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அப்பாவும் சாப்பிடாமல் பட்டறைக்குப் போய் அங்கே மயங்கி விழுந்தார். அதன் பிறகு அவள் சாப்பிட ஆரம்பித்தாள். ஆனால் சம்மதம் என்று அவள் வாயால் சொல்லவில்லை.

நோட்டீஸ் காலம் முடிந்ததும், ஒரு திங்கட்கிழமை காலை விஸ்வநாதன் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கையில் ஒட்டிய கவர்.

"முப்பது நாள் முடிஞ்சுடுத்து. புதன்கிழமை பதினோரு மணி. அவளை எப்படியாவது அழைச்சுண்டு வந்துடுங்கோ. முடியலேன்னா இந்த லெட்டரையாவது குடுத்துடுங்கோ, அவளே வந்துடுவா," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "மூணு சாட்சி வேணும். ரெண்டு பேர் இருக்கா. மூணாவது கையெழுத்து நீங்க போடணும்னு எஸ்தருக்கு ஆசை."

கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சரி என்றேனா, தலையாட்டினேனா, நினைவில்லை. வாங்கிக்கொண்டது மட்டும் நிச்சயம்.

திங்கள் முழுக்க அது பையில் இருந்தது. வீட்டில் எஸ்தர் எனக்குச் சோறு போட்டாள். குனிந்து குழம்பு ஊற்றும்போது கையை நீட்டினால் அந்தக் கடிதம் அவளிடம் போய்விடும். அப்பா எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. முன்பெல்லாம் அவர் சோற்றை மிச்சம் வைத்ததில்லை. கவிழ்த்து வைத்த டம்ளரும் கண்ணுக்கு முன்னால் வந்தது. எதனால் நான் கையை நீட்டவில்லை? அப்பாவுக்காகவா, எஸ்தருக்கு அந்த வீட்டில் அவமானம் வரக்கூடாது என்றா, எனக்கு நேர்ந்த அவமானத்துக்குப் பதிலாகவா? ஏழு வருடமாக யோசிக்கிறேன். தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆபீசில் கவரைப் பிரிக்காமலே நான்காகக் கிழித்து, மேஜைக்கு அடியிலிருந்த குப்பைக்கூடையில் போட்டேன். அதற்குப் பிறகு பத்துக் கடிதம் டைப் செய்தேன். ஒரு பிழைகூட இல்லை.

புதன்கிழமை மத்தியான வண்டியில் அப்பா அவளை ஊருக்கு அழைத்துப் போனார். வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். அப்பா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போன நேரம், எஸ்தர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, அவிய ஏதும் சொல்லி விட்டாவளா?"

"இல்லம்மா," என்றேன்.

"ஒரு வார்த்தகூடவா?"

"இல்ல."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஜன்னலிலிருந்து கையை எடுத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். அப்பா கூஜாவோடு வந்து ஏறினார். வண்டி நகர்ந்தபோது அவள் என் பக்கம் திரும்பவில்லை.

6

ரேஷன் ஆபீசுக்கு எதிரே இருந்த ஹோட்டலில் விஸ்வநாதனும் நானும் உட்கார்ந்தோம். அவரே காபி சொன்னார். போன வருடம்தான் கல்யாணம் ஆனதாகச் சொன்னார். மனைவியின் பெயரைக் கார்டில் சேர்க்க வந்திருந்தார்.

"எஸ்தர் சௌக்கியமா?"

"சௌக்கியம். ரெண்டு பையங்க."

"சந்தோஷம்," என்றார். உண்மையாகவே சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது. காபியை ஆற்றிக்கொண்டே, யாரோ ஒருவரின் கதைபோலச் சொன்னார். "நான் மூணு நாள் போனேன், தெரியுமோ? புதன், வியாழன், வெள்ளி. ஆபீஸ் திறக்கறச்சே போவேன், மூடறச்சே வருவேன். தேதி மாறிப் புரிஞ்சுண்டிருப்பாளோன்னு ஒரு நினைப்பு. மூணாம் நாள் அங்க இருந்த கிளார்க், மராத்திக்காரர், வயசானவர், 'கர் ஜாவ் பேட்டா'ன்னார். வீட்டுக்குப் போப்பான்னு. எனக்குப் போறதுக்கு வீடு ஏது? எங்காத்துல சொல்லிட்டு வெளில வந்துட்டேனே. அம்மா உன்னை நடத்தின விதத்தையும் பாத்துண்டுதானே இருந்தேன் அன்னிக்கு. அந்தாத்துக்கு இவளைக் கூட்டிண்டு போப்படாதுன்னு செம்பூர்ல ஒரு ரூம் பிடிச்சு, ஸ்டவ்வெல்லாம் வாங்கி வெச்சிருந்தேன்."

'நீங்கள்' என்றே பேசி வந்தவர் அந்த ஒரு இடத்தில் மட்டும் என்னை 'உன்னை' என்றார்.

"அவ வரலே. அப்பறம் அவ ஊருக்குப் போயிட்டாள்னு பள்ளிக்கூடத்துல சொன்னா. அவளுக்கு அப்பாதான் பெரிசுன்னு நினைச்சுண்டேன். தப்பு சொல்ல முடியுமா? அவரும் அப்படி வளர்த்தார்."

பக்கத்து மேஜையில் இட்லித் தட்டுகளை அடுக்கும் சத்தம். என் வாய் திறந்துகொண்டது. லெட்டரை நான் கொடுக்கவில்லை என்றேன். கிழித்தேன் என்றேன். ஸ்டேஷனில் அவள் கேட்டதையும், நான் சொன்னதையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேஜைமேலிருந்த தன் கார்டை எடுத்து மடித்தார். பிறகு கேட்டார்.

"அப்போ நான் வரவே இல்லேன்னு நினைச்சுண்டா கழுத்தை நீட்டினா?"

"ஆமா."

"ஏழு வருஷமா அப்படியே நினைச்சுண்டிருக்காளா?"

"ஆமா."

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் வேண்டாம், சாலமோன். நான் ஆத்துக்காரியோட இருக்கேன், அவளும் குழந்தைகளோட இருக்கா. யாரும் யாரையும் பாக்க வேண்டாம். ஒண்ணே ஒண்ணு பண்ணுங்கோ. நான் வந்தேன்னு அவளுக்கு ஒரு வரி எழுதிடுங்கோ. அவ்வளவுதான். நான் ஏமாத்தினவன் இல்லேன்னு அவ தெரிஞ்சுக்கட்டும்."

எழுதுகிறேன் என்றேன். அவர் எழுந்து போய் ரேஷன் ஆபீஸ் வரிசையில் மறுபடியும் நின்றார். அவருடைய முறை தவறிப்போயிருந்தது. கடைசியில் போய் நின்றார்.

7

எஸ்தர் வருடத்துக்கு ஒரு கடிதம் போடுவாள். கிறிஸ்மசுக்கு. எல்லோரும் சுகம், அங்கே சுகமா, என்று நான்கு வரி. அப்பா இறந்ததற்குத் தந்தி கொடுத்தபோதுகூட வரவில்லை. சின்னவனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று பதில் தந்தி வந்தது. கடிதங்களின் கீழே 'அன்புத் தங்கை எஸ்தர்' என்று மட்டும் தவறாமல் இருக்கும். அதைப் பார்த்து, பரவாயில்லை, மறந்துவிட்டாள் என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

எனக்கு எழுத மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஒரு வரிதான் எழுதச் சொன்னார் விஸ்வநாதன். நான் நான்கு பக்கம் எழுதினேன். கடைசியில் மன்னித்துவிடு என்று எழுதித் தபாலில் போட்டேன். போட்டதும் மனம் லேசாகிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். பெரிய பாவம் ஒன்று தீர்ந்துவிட்டது போலிருந்தது.

பதினேழாம் நாள் பதில் வந்தது. வெளியில் சொல்லத் தகுந்ததா என்று யோசித்தேன். பெயர்களை எல்லாம் மாற்றித்தான் இதை எழுதுகிறேன். அவள் ஊரையும் நான் சொல்லப்போவதில்லை. கடிதம் இதுதான்.

"அண்ணன் அவர்களுக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை வாசித்தேன். பிறகு அடுப்பில் போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் கண்ணில் பட்டால் வீணாக வருத்தப்படுவார். அவர் நல்லவர்.

அன்றைக்கு ஸ்டேஷனில் நீங்கள் இல்லை என்று சொன்னீர்கள். நம்பினேன். உங்களை நம்பாமல் நான் யாரை நம்ப? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பாத மனிதரா என்ற கோபத்தில்தான் கோயிலில் போய் நின்றேன். அந்தக் கோபம்தான் எனக்கு இந்த வீட்டில் பிடிமானம். நினைப்பு வரும்போதெல்லாம், வராதவர்தானே என்று சொல்லிக்கொள்வேன். மனது அடங்கிவிடும். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வேலையைச் செய்வேன். இப்போது வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாள் வந்து நின்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். இனி நான் எதைச் சொல்லி மனதை அடக்குவேன்?

அப்போது ஒன்றை எடுத்துக்கொண்டீர்கள். அது இல்லாமல் வாழப் பழகியிருந்தேன். இப்போது அந்தக் கோபத்தையும் எடுத்துக்கொண்டீர்கள். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

மன்னிக்கக் கேட்டிருக்கிறீர்கள். ஜெபத்தில் கேட்டுப் பார்க்கிறேன். இன்னும் முடியவில்லை. இனிமேல் எழுத வேண்டாம். மூத்தவன் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். நிறுத்துகிறேன்."

கீழே 'அன்புத் தங்கை' இல்லை. 'எஸ்தர் தங்கராஜ்' என்று இருந்தது. ஆபீசுக்கு எழுதும் கடிதத்தில் போடுவதுபோல.

ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். லில்லி கீழே விளையாடிவிட்டு ஓடிவந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. பேச்சும் பாதி இந்திதான். கற்றுக்கொடுக்கவில்லையே என்று ஜெபமணியிடம் எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன். அன்று அவள் என் தோளில் சாய்ந்து அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தபோது, தெரியாததே நல்லது என்று நினைத்தேன். எந்தத் தகப்பனும் நினைக்கக்கூடாத நினைப்பு.

"அப்பா, கிஸ்கீ சிட்டி ஹை?"

"எஸ்தர் அத்தை போட்ட லெட்டர்."

"அத்தை நே க்யா லிக்கா? படிச்சுக் காட்டுங்க."

காகிதத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். வரிகளின் மேல் விரலை நகர்த்தினேன்.

"எல்லாரும் சுகமா இருக்காவளாம். லில்லிக்குட்டி எப்படி இருக்கான்னு கேட்டிருக்கா. ஒனக்கு ஒரு முத்தம் குடுக்கச் சொல்லியிருக்கா."

"முஜே? எனக்கா?" என்று கன்னத்தைக் காட்டினாள்.

கொடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொல்ல ஓடினாள். அவள் நம்பிவிட்டாள். நான் சொன்னால் நம்பாமல் அவள் வேறு யாரை நம்புவாள்?